ஐஸ் பெட்டியோடு வந்த மீனவர்

நான் ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர். உப்புவெளி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மெலிந்த மீனவர், முறிந்து பொருந்தாத காலைக் காட்டினார். குளிரில் தண்ணீராக இருந்து உடற்சூட்டில் களியாக இறுகும் மருந்தொன்றை ஊசியால் ஏற்றினால் அதற்குள் எலும்பு வளரும் என்று, வாசித்ததைப் பெருமையாகச் சொன்னேன். அது இன்னும் எலிகளில்தான் சோதனையில் இருக்கிறது என்பதை மறைத்தேன்.

மறுமாதம் ஐஸ் நிரப்பிய, மீன் கொண்டுபோகும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியோடு வீடு தேடி வந்தார்.

"அந்த மருந்தை வாங்கிக்கொண்டு போக வந்தனான். வழியிலயே இறுகக் கூடாதெல்லே, ஐயா. ஒப்பரேசன் வேண்டாமெண்டு டொக்டரிட்டச் சொல்லிப்போட்டன்."

உண்மையைச் சொன்னேன்.

"எலிக்குச் சுகம் வந்ததோ?"

"ஓம்."

"அப்ப நான் பொறுக்கிறன்."

"பொறுக்க ஏலாது, கால் போயிடும். ஒப்பரேசனுக்குப் போங்கோ" என்று கெஞ்சினேன்.

"நீங்கள் படிச்சவர். பஸ்ஸில பொய் சொல்லியிருப்பியளே?" என்று சிரித்துக் கும்பிட்டுப் போனார்.

பஸ்ஸில் சொன்னதையா, வீட்டில் கெஞ்சியதையா, என் எந்தச் சொல்லை நம்பிப் போனார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.