தகரப் பெட்டியின் மடிந்த மூலை

என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி இருக்கிறது. மூடி முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவை என் அத்தையின் கை விழுந்த இடங்கள். ஒரு மூலை மட்டும் உள்வாங்கி மடிந்து கிடக்கிறது. அது ஒரு மனிதனின் நெற்றி பட்ட இடம். வாசித்த புத்தகங்களைப் பற்றி நான் முகநூலில் எழுதுவதைப் படிக்கும் நண்பர்கள், அடிதடிக் கதை என்றாலே ஏன் இப்படி எரிந்து விழுகிறாய் என்று கேட்கிறார்கள். அந்த மூலையைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

அண்மையில் வாசித்த காமிக்ஸையே எடுத்துக்கொள்வோம். வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். பழிவாங்கப் புறப்பட்ட ஒருவன் பக்கத்துக்குப் பக்கம் ஆட்களை அடித்து நொறுக்குகிறான். ஓவியர் கெட்டிக்காரர்தான், பல் தெறிப்பதைக்கூட அழகாக வரைந்திருக்கிறார். ஆனால் அடித்தவன் முகம்தான் கட்டத்துக்குக் கட்டம் வருகிறது. அடிபட்டவன் ஒரு கட்டத்தில் விழுகிறான், அடுத்ததில் ஆளே இல்லை. அந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. இலங்கை மலையகத்தில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு இருந்தவர். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காம்பரா என்னும் ஒற்றை அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் அத்தை காமிக்ஸ் வாசித்தால் லயமே கேட்கும். பொழுது சாய்ந்து அடுப்புகள் எரியத் தொடங்கியதும், தன் காமிக்ஸ்களைப் போட்டு வைத்திருந்த அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். சண்டை வந்தால் மூடியில் ஓங்கி ஓங்கி அறைவார். சுவருக்கு மேலாக, "போடு! இன்னும் ரெண்டு போடு!" என்று குரல்கள் வரும்.

அன்றைக்கும் அப்படித்தான். கதாநாயகன் ஐந்தாறு பேரைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. வாசிப்பு நின்றது, பெட்டியும் நின்றது. அடி விழும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒன்று, பிறகு இன்னொன்று, அதன்பின் துணிக்குள் அடக்கிய முனகல். அதற்கும் அப்பால் வேறொரு காம்பராவில் யாரோ அப்போதும் "போடு, போடு" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் முகம் செத்துப்போனது. தான் தட்டிய தட்டலுக்குள் இத்தனை நாளும் இந்த அடி ஒளிந்திருந்தது என்று அவருக்கு அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும்.

பெட்டியோடு எழுந்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பக்கத்துக் காம்பரா அக்கா, புடவைத் தலைப்பை வாயில் திணித்தபடி அடுப்படியில் கிடந்தார். தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் புருஷன் விறகுக் கட்டையை மறுபடி ஓங்கினான். "எவடி அவ, எங்கூட்டுக்குள்ள..." அவன் முடிக்கவில்லை. அத்தை பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து வீசி அடித்தார். மூலை நெற்றியில் இறங்கியது. மூடி கழன்று காமிக்ஸ்கள் சிதறின. அவற்றின் மேலேயே அவன் ரத்தம் ஒழுக உட்கார்ந்தான். புத்தகத்துக்குக் கனம் உண்டு என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

அக்காவைத் தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாடையைக் கம்பியால் கட்டினார்கள். வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீர்தான். புருஷன் தையல் போட்ட நெற்றியோடு கொழும்புக்குப் போனான், திரும்பவில்லை. தோட்டத்துத் தலைவர் எங்கள் வாசலுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளைங்க கண்ட புத்தகத்த படிச்சா இப்புடித்தான் கை நீளும். அம்புட்டையும் அடுப்புல போடு."

"மொதல்ல அந்த வெறகுக் கட்டையப் போடுங்க தலைவரே," என்றார் அத்தை. "அது நல்லா எரியும்."

அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

வாசிப்பு மறுபடி தொடங்கியது. பெட்டி மட்டும் மடிக்கு வரவில்லை. சண்டைப் பக்கங்களை அத்தை குரல் தாழ்த்தி வாசிப்பார். சுவருக்கு மேலே அக்காவின் குழறிய குரல் வரும்: "மதினி, விழுந்தவனுக்கு என்னாச்சு?" காமிக்ஸில் அது இருக்காது. அத்தை தானாகவே சொல்லுவார்: யார் தூக்கினார்கள், லொறி எப்போது வந்தது, எங்கே தையல் போட்டார்கள், யார் கஞ்சி ஊட்டினார்கள். ஆண்கள் பொறுமையிழந்து, "அடுத்த பக்கத்த திருப்பும்மா!" என்று கத்துவார்கள்.

"இருங்கடா, இவன் இன்னும் பொழைக்கல."

அத்தை இப்போது இல்லை. பதுளை டவுனில் என் வீட்டுச் சுவர்கள் கூரை வரை போகின்றன. சண்டைப் பக்கத்தில் சுவருக்கு மேலாகக் கேள்வி கேட்க யாரும் இல்லை. அதனால் போன வாரம் அந்தப் புதுக் காமிக்ஸைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஹாலிஎலவில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவிடம் போனேன். பெட்டியை அவர் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். நான் வாசித்தேன். முதல் சண்டையிலேயே அவர் கை தாடைக்குப் போனது.

"விழுந்தவனுக்கு என்னாச்சு?"

கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். எங்கும் அவன் இல்லை.

"இதுல போடலக்கா."

"அப்ப நீ சொல்லு."

புத்தகத்தை மூடினேன். "தோட்டத்து லொறி வந்துச்சு," என்று ஆரம்பித்தேன். அக்காவின் விரல் பெட்டியின் மடிந்த மூலையைத் தடவிக்கொண்டிருந்தது.