விளக்கெண்ணெய்த் தோட்டாக்கள்

மாயவன் படித்தது ஐந்தாம் வகுப்பு. பட்டாளத்தில் சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்து, துப்பாக்கிப் பட்டறைக்குத் தன் கைத்திறனாலேயே ஏறியவர். ஓய்வுக்குப் பிறகு, பாப்பாரப்பட்டிப் பக்கத்துத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஆயுத அறைச் சாவி அவரிடம்தான். பொறியியல் படித்தவர்கள் பத்துப் பேர் வரட்டும்; சத்தத்தை வைத்தே துப்பாக்கிக்கு என்ன நோவு என்று சொல்ல இந்த ஜில்லாவில் அவரை விட்டால் ஆள் கிடையாது. "என் கை பட்டதுல துரு ஏறாது" என்பார். பொய்யும் இல்லை.

ஐப்பசி மழையில் அது நடந்தது. பயிற்சிக்கு வந்த பெண் விசையை அழுத்த, 'டக்' என்ற ஓசை மட்டும் வந்தது. வெடிக்கவில்லை. தோட்டா சில சமயம் தாமதித்து வெடிக்கும். குழாயை இலக்குக்குப் பின்னாலுள்ள மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி முப்பது எண்ண வேண்டும். பயிற்சியாளர் வீரமணி எண்ணவில்லை. சட்டென்று குனிந்து துப்பாக்கியைத் திறந்தான். வெடித்துச் சிதறிய தோட்டாவின் பித்தளை உறை அவன் இடது கண்ணைக் கொண்டுபோனது.

அவசரக்குடுக்கை என்று சொல்லி, சங்கம் அவனை நீக்கியது.

மாயவனின் காதைவிட்டு அந்த 'டக்' போகவில்லை. மனைவி பாஞ்சாலி காஸ் லைட்டரை அழுத்தினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு காலையில், பிரிக்காத பெட்டியிலிருந்து இருபது தோட்டா சுட்டார். இருபதும் சுத்தம். அதே சரக்கில், முன்பே பிரித்து வைத்த பெட்டியிலிருந்து இருபது. ஏழாவது, 'டக்' என்று நின்று பிறகு வெடித்தது. பதினெட்டாவது வெடிக்கவே இல்லை. மறுநாள் அதைப் பிரித்தார். மருந்து பிசுபிசுவென்று கட்டியிருந்தது. முகர்ந்தார். விளக்கெண்ணெய்.

பித்தளை பச்சை பூக்காதிருக்க, எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு தோட்டாவையும் துடைத்து வைத்தது அவரேதான். யாரும் சொல்லித் தராத சொந்த யோசனை.

மாயவன் போய்ச் சொன்னதும், சங்கச் செயலாளர் தீர்த்தகிரி கும்பிடாத குறை. "முடிஞ்சதைக் கிளறாதீங்க பெரியவரே. உங்க பேருதான் கெடும்."

"கெட்டுப் போவட்டுங்க."

வீரமணி வூட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒற்றைக் கண் அவரையே பார்த்தது.

"உங்க கை பட்டதுல துரு ஏறாதுன்னு சொல்லுவீங்களேண்ணா."

மாயவன் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எண்ணாதது நாந்தான். அத நான் ஒத்துக்கறேன். தோட்டா கெட்டது யாரால, அத மட்டும் எழுதிக் குடுங்க."

எழுத்துக் கூட்டி நாலு வரி எழுத ஒரு பகல் போனது. அந்த நாலு வரியால் தை மாதம் வீரமணி மறுபடி பயிற்சியாளராக வந்தான். சாவி வேறு ஆளுக்குப் போனது.

வூட்டில் லைட்டர் 'டக்' என்கிறது. அடுப்பு உடனே பற்றிக்கொள்கிறது. மாயவன் சுவரைப் பார்த்தபடி உதடசைக்கிறார்.

"அடுப்புதான் பத்திக்கிச்சே, இன்னும் என்னத்த எண்ணுறீங்க?" என்கிறாள் பாஞ்சாலி.

பத்தொன்பது. இருபது.