பன்னிரண்டாவது பெயர்

அன்று காலை சீனக்குடா ஓடுபாதையோரம் விமானி நின்றார், நிலையப் பொறுப்பாளர் அக்கா நின்றார், பயணிகள் பதினொரு பேர் நின்றார்கள், கையில் கடிகாரத்தோடு நான் நின்றேன். அக்காவின் காக்கா மட்டும் வரவில்லை. கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்யும் அவருடைய மூத்த சகோதரர். அக்கா பிடித்திருந்த பயணிகள் பட்டியலில் பன்னிரண்டாவது பெயருக்கு நேரே சரி போடவில்லை.

அந்தச் சிறிய விமானக் கம்பனியில் நேர அட்டவணை போடுவது என் வேலை. மழை, எதிர்க்காற்று, பழுது என்று எது எவ்வளவு பிந்த வைக்கும் என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அதற்கேற்ப இடைவெளி விடவேண்டும். விமானம் தரையில் நிற்க முப்பது நிமிடம் வேண்டும் என்று அக்கா எப்போதும் எழுதுவார். ஒரு கிழமை முழுக்க நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பதினெட்டில் வேலை முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பிழையான எண்ணைக் கண்டால் திருத்தாமல் விட என்னால் முடிவதில்லை. அக்காவிடமே கேட்டேன்.

"ஓம் தம்பி, அது கிண்ணியாப் பாலம் கடந்து வாற ஆக்களுக்கு. பஸ் பிந்தும், மாடு மறிக்கும்."

"அதுக்குத் தரவு இல்லையே அக்கா."

"மழைக்கு இடம் வச்சிருக்கீங்க. எங்கட ஊர் ஆக்கள் மழையை விடக் கேடோ?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு, பன்னிரண்டு நிமிடத்தையும் வெட்டினேன். ஒவ்வொரு தரையிறக்கத்திலும் மிச்சமானதைச் சேர்த்ததில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஓட்டம் கூடியது. கம்பனியில் பாராட்டினார்கள்.

காக்காவின் வலக்கண்ணில் விழித்திரை கழன்றிருந்தது. அன்று பதினொரு மணிக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை; இந்த விமானம் அங்கேதான் போகவிருந்தது. பிந்தினால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பாலத்தடியில் பஸ் டயர் வெடித்துவிட்டது என்றும் ஓட்டோவில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்றும் காக்கா போனில் சொன்னார். விமானி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

விமானத்தின் கதவை அக்காவே சாத்தினார்; காக்கா இல்லாமலே அது கிளம்பியது. பதினெட்டு நிமிடம். எண் சரியாக வந்ததில் எனக்குச் சின்னச் சந்தோஷமும் இருந்தது.

அக்கா என்னை ஏசவில்லை. "தேத்தண்ணி குடிச்சீங்களா தம்பி?" என்று வழக்கம்போலத்தான் கேட்டார். காக்காவுக்கு அடுத்த தவணை கிடைக்க ஒன்பது நாளானது.

அக்கா இப்போது அந்த வேலையில் இல்லை. லிங்கநகர் அறையிலிருந்து நான் இன்னும் அட்டவணை போடுகிறேன். தரையில் முப்பது நிமிடம் என்றுதான் எழுதுகிறேன். கம்பனியில் ஆதாரம் கேட்கிறார்கள். தரவு இல்லை என்கிறேன். அன்றைய பட்டியல் என் மேசையில்தான் கிடக்கிறது, பதினொரு பெயருக்குச் சரி போட்டபடி. நான் மிச்சம் பிடித்தது பன்னிரண்டு நிமிடம். காக்காவுக்குப் போனது ஒரு கண்.