பாய்லர் தண்ணீரும் பித்தளைக் குடமும்

தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் இறால் கம்பெனியில் நான் பாய்லர் ஆபரேட்டராக இருந்தேன். எங்கள் பக்கம் கேஸ் கிடைக்கத் தொடங்கியதும் விறகு பாய்லரை எடுத்துவிட்டுப் புது கேஸ் பாய்லர் வைத்தார்கள். அது புகையில் இருக்கிற சூட்டையும் விடாமல் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் புகையிலுள்ள ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் ஆசிட் தண்ணீர்.

மாட்ட வந்த இன்ஜினியர் முதல் நாளே பி.எச். பேப்பரை நனைத்துக் காட்டினார். ஆரஞ்சாக மாறியது. ஆசிட்டை முறிக்கத் தொட்டி கட்டிச் சுண்ணாம்புக்கல் ஜல்லி நிரப்பினோம். ஜல்லிக்குள் புகுந்து வெளியே வரும் தண்ணீரில் பேப்பர் பச்சை காட்ட வேண்டும். பச்சை என்றால் பி.எச். ஏழு, ஆசிட் இல்லை.

"தினம் பாருங்க. ஜல்லி கரையும், சேறு மூடும். அப்ப மாத்திரணும்" என்றார்.

எங்கள் ஊரில் உப்புக் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணீர். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இறால் உரிக்கும் காளியம்மாள் ஒரு நாள் தொட்டிக் குழாயில் கையேந்திக் குடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, கரிக்கவே இல்லையே. வீட்டுக்குப் புடிச்சுக்கிரவா?"

நானும் ஒரு மடக்கு குடித்தேன். "நல்ல தண்ணிதான், புடிச்சுக்க" என்றேன். பேப்பர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. படித்த முட்டாள் நான்.

கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தில் தினமும் கொண்டுபோனாள். மூன்று மாதம் பேப்பர் பச்சையே காட்டியது. எனக்குச் சலித்துவிட்டது. நனைக்காமலே லாக் புத்தகத்தில் 'ஏழு' என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அவள் வரவில்லை. ஐந்து வயது மகளுக்கு நிற்காத வாந்தி, இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அந்தக் குடம். வெளியே கறுத்திருந்தது, உள்ளே புளி போட்டுத் தேய்த்ததுபோல் பளபளத்தது. ஆசிட் குடத்தை அரித்திருக்கிறது, பித்தளையிலுள்ள செம்பு கரைந்த தண்ணீரைப் பிள்ளை குடித்திருக்கிறது. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் பங்கை மட்டும் சொல்லவில்லை.

திரும்பி வந்து பேப்பரை நனைத்தேன். ஆரஞ்சு. ஜல்லி பாதி கரைந்துபோய், மீதியைச் சேறு மூடியிருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வேலைக்கு வந்த காளியம்மாளை மேனேஜர் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டும்மா அந்தத் தண்ணிய எடுத்த?"

"யாரையும் கேக்கல சார். நானாத்தான் எடுத்தேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

வெளியே வந்ததும், "ஏன் தாயி அப்புடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உங்க வேலை போயிட்டா எம்புள்ள பட்டது இல்லன்னு ஆயிருமா? நீங்களுந்தானண்ணே குடிச்சீங்க."

அப்படியே திரும்பிப் போய் மேனேஜர் முன்னால் லாக் புத்தகத்தை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதுல எந்த ஏழு நெசம்?" என்றார். பார்த்து எழுதியதும் பாராமல் எழுதியதும் ஒரே மாதிரி இருந்தன.

வேலை போகவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, நனைத்த பேப்பரைக் காயவைத்து லாக் புத்தகத்திலேயே ஒட்டினேன். புதுசாக பாய்லர் வேலைக்கு வந்திருக்கிற நீங்களும் ஒட்டுங்கள்.