சித்தி ஊரின் ராத்திரி

பம்பளிமாஸ் தோலில் கிராம்பைக் குத்தினால் ஒரு மணம் எழும். கசப்பும் காரமும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறிவிட்டால் பாதி நாளைக்கு இறங்காது, சோறு உண்ணும்போதும் விரலிலிருந்து வந்துகொண்டே இருக்கும். பத்து வயதில் அந்த மணத்தோடுதான் நான் ஆசிரியை ஆனேன். மாணவி ஒருத்திதான். ஷைனி, என் சித்தி மகள், வயது ஐந்து. பாடம், பகலும் இரவும் எப்படி வருகின்றன என்பது. இதைவிட எளிதான பாடம் உலகத்தில் உண்டா என்று துணிந்து இறங்கிவிட்டேன்.

எங்கள் வீடு மயிலாடியில், ஒரு கல்பட்டறைக்கு எதிரே. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பகல் எது, இரவு எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயா குடித்த கையோடு ஆசாரிமார் உளியை எடுத்துவிட்டால் பகல். சத்தம் ஓய்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். ஆனி மாதத்துச் சாரலில் வானம் கறுத்துக் கிடந்தாலும், 'டங் டங்' என்று காதில் விழுந்தால் போர்வைக்குள் இருந்தபடியே பகலென்று சொல்லிவிடுவோம். சூரியனெல்லாம் எங்களுக்கு அதற்குப் பிறகுதான்.

சித்தி நர்ஸ். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் வேலை கிடைத்தது. சித்தப்பா ஏற்கெனவே துபாயில் இருந்ததால் ஷைனியை எங்கள் வீட்டில் விட்டுப் போவதென்று முடிவாயிற்று. வீட்டுக்கு வீடு ஒரு நர்ஸும் ஒரு பாஸ்போர்ட்டும் இருக்கிற எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. போன விதம்தான் சரியில்லை. "பிள்ளைக்கிட்ட உள்ளதச் சொல்லாத. அழுது காலப் பிடிச்சா உனக்குப் போவ மனசு வராது" என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்ல, சித்தியும் "கோட்டாறுக்குப் போயி உனக்குச் செருப்பு வாங்கிட்டு வாறேன் மக்கா" என்று முத்தம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். ஷைனி சிரித்துக்கொண்டே கையசைத்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து இருட்டும்வரை காத்திருந்தாள். அம்மா தூக்கி உள்ளே கொண்டுவந்தபோதும் அவள் அழவில்லை. கோட்டாற்றில் கூட்டமாக இருக்கும் என்று எங்களுக்கே சமாதானம் சொன்னாள்.

அதற்கப்புறம் அப்பா மளிகை வாங்கப் பையை எடுத்துக் கோட்டாறு பஸ் ஏறப் புறப்பட்டால், வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவே கூடும்படி அலறுவாள். அவள் கணக்கில் கோட்டாறுக்குப் போனவர்கள் திரும்புவதில்லை.

சனிக்கிழமை காலைகளில் அப்பாவின் செல்போனுக்குச் சித்தி பேசுவாள். ஒருநாள் பேச்சு முடிகிற நேரத்தில், "இங்க ராத்திரி மக்கா. அம்மாக்கு உறக்கம் வருது, வைக்கட்டா?" என்றாள். ஷைனி ஜன்னலைப் பார்த்தாள். முற்றத்தில் கண் கூசுகிற வெயில். எதிரே நாலு உளிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தன. போனை என் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, "அம்மா கள்ளம் சொல்லுகா" என்றாள். எங்கள் வீட்டில் 'கள்ளம்' என்றால் பொய். அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை போன் அடித்ததும் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அங்கே சித்தி அழ, இங்கே அம்மா அழ, நடுவில் காசு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்குத் தன் அம்மாவின் பேச்சில் நம்பிக்கை போய்விட்டால் மிஞ்சுவது என்ன என்று இப்போது நினைத்தாலும் எனக்குப் பகீரென்கிறது. அன்று எனக்குப் பகீரென்றெல்லாம் இல்லை. பாடம் நடத்தினால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

அறைக் கதவைச் சாத்தி, டார்ச்சை அலமாரியில் சாய்த்து வைத்து, பம்பளிமாஸில் இரண்டு கிராம்புகளைக் குத்தினேன். இந்தப் பக்கத்துக் கிராம்பு மயிலாடி, அந்தப் பக்கத்துக் கிராம்பு சித்தி. பழத்தைச் சுற்றினேன். "பாத்தியா, நமக்கு வெளிச்சம் வந்தா அம்மாக்கு இருட்டு. அம்மாக்கு வெளிச்சம் வந்தா நமக்கு இருட்டு." என் வகுப்பு டீச்சர்கூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சொல்லப்போனால், நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஷைனி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா தலைகீழாவா நிக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சித்திக் கிராம்பைப் பிடுங்கி எங்கள் கிராம்புக்குப் பக்கத்திலேயே குத்தினாள். "இப்ப ரெண்டு பேருக்கும் பகலு."

அப்படிக் குத்தக்கூடாது என்றேன். ஏன் என்றாள். என் அறிவியல் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. "நீ ஒரு மண்டூகம்ட்டி" என்று சொல்லி வகுப்பைக் கலைத்தேன். அன்று மாலை அம்மா அந்தப் பழத்தை உரித்து எல்லாருக்கும் கொடுக்க, ஒரு சுளையை வாயில் போட்ட அப்பா, "இது பழமா, பிரியாணியா?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை போன் அடித்தபோது நான் டிரம்முக்குப் பின்னால் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, பிள்ளைய விடு" என்று அம்மா அதட்டினாள். விட்டேன். ஆனால் ஷைனி மறுபடி ஒளியவில்லை; தானே நடந்துபோய் போனை வாங்கினாள். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அங்க உளிச் சத்தம் கேக்குதா?"

கேட்கவில்லை என்று சித்தி சொல்லியிருக்க வேண்டும். "ஜன்னலத் தொறந்து வெளிய நீட்டு. நான் கேக்கணும்" என்றாள் ஷைனி. நான் போனின் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டேன். ஜன்னல் திறக்கும் ஓசை வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. வெகு தூரத்தில் ஒரு கார் போயிற்று. அது போனபின் மெல்ல மெல்லச் சில்வண்டுச் சத்தம் தெளிந்தது. எங்கள் கொல்லையில் விளக்கணைத்த பிறகு கேட்கிற அதே இரைச்சல். ஷைனி மூச்சுவிடாமல் கேட்டாள். பிறகு எங்கள் ஜன்னலுக்கு ஓடி, கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பட்டறைப் பக்கம் காட்டி, "இனி நீ கேளு" என்று கத்தினாள். போன் காதுக்குத் திரும்பி வந்தபோது, "கேட்டேன் மக்கா, உளிதான்" என்றாள் சித்தி.

"அங்க ராத்திரிதான்" என்று ஷைனி எங்கள் எல்லாரிடமும் அறிவித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. "அப்ப கோட்டாறுன்னு ஏன் சொன்ன?" என்று போனில் கேட்டாள்.

அறையில் இருந்த பெரியவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். சித்தி சொன்னது எனக்கும் கேட்டது. "அது கள்ளம்தான் மக்கா. உள்ளதச் சொன்னா நீ அழுவ. நீ அழுதா எனக்குப் போவ முடியாது."

"செரி, உறங்கு" என்றாள் ஷைனி. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவள் ஒளிந்ததில்லை.

இப்போது ஷைனியும் நர்ஸ். போன வருஷம் கனடாவுக்குப் போனாள். அவள் மகனுக்கு நாலு வயது, இதே மயிலாடி வீட்டில் என்னிடம்தான் வளர்கிறான். அவனுக்குப் பகலிரவுப் பாடம் எடுக்கும் வாய்ப்பே எனக்குக் கிடைக்கவில்லை. வீடியோவில் அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கைப் பார்த்துவிட்டு, "அங்க ராத்திரி, பெரியம்மா" என்று அவனே எனக்குச் சொல்லித் தருகிறான். டார்ச்சுக்கும் கிராம்புக்கும் வேலை போய்விட்டது. போகட்டும்.

ஷைனி புறப்பட்ட அன்று என் அம்மா பழைய யோசனையையே எடுத்துக்கொண்டு வந்தாள். "சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயிரு. சின்னப் பிள்ளைதானே." ஷைனி மகனை மடியில் உட்காரவைத்துப் பெட்டியைக் காட்டி, "அம்மா ரொம்பத் தூரம் போறேன். நாளைக்கு வரமாட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் வருவேன்" என்றாள். அவன் அழுத அழுகையில் எதிர்ப் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கார்க் கதவைப் பிடித்துத் தொங்கியவனை நான்தான் பிரித்தெடுத்தேன். என் தோளைக் கடித்துவிட்டான். அவளும் அழுதுகொண்டேதான் போனாள்.

விம்மல் அடங்கியதும் அவன் கேட்டது, அம்மா எப்போது போன் பண்ணுவாள் என்று. எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. முகம் கழுவிவிட்டேன்; வாசல் பக்கம் திரும்பாமல் உள்ளே வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான்.