நாலாவது பட்டன் உயரம்

பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் பலகையை இறக்கி, உயரத்தைக் குறித்து வைப்பதுதான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. மன்னார்புரத்தில், குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் நர்ஸ். பெற்ற பிள்ளையைக் கதவோரம் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு, அடுத்த மாதமும் கோடு நகரவில்லையே என்று கவலைப்பட்டவரா நீங்கள்? வாருங்கள், நீங்களும் நம்ம கட்சிதான்.

சாயங்காலக் குறைச்சல்

ஸ்ரீரங்கத்து அம்மா ஒருவர், ஏழாவது படிக்கும் மகனை மாலையில் அழைத்து வந்தார். காலையில் வீட்டில் அளந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் குறைகிறதென்று என் பலகையோடு சண்டை. நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும், எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன். அவர் பையனின் புத்தக மூட்டையை முறைத்துப் பார்த்தார். "காத்தால நன்னாத்தான் இருந்தான். ஸ்கூல்லதான் குறைச்சு அனுப்பிட்டா."

அரை மாத்திரை

முருகேசன், துறையூர்ப் பக்கத்துப் பருத்தி விவசாயி. மகள் யாழினிக்கு ஒன்பது வயது, பார்வைக்கு ஆறு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காததால் வளர்த்தி நின்றுவிட்டது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை கொடுக்கச் சொல்லி அனுப்பினார் டாக்டர். மூன்று மாதம் கழித்து அளந்தேன். இம்மிகூட நகரவில்லை, ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. வயது ஏறி எலும்பு நுனிகள் மூடிக்கொண்டால் அப்புறம் எந்த மருந்தும் உதவாது. ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று அதட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா பாதியாக உடைத்துத்தான் தருவார் என்று யாழினிதான் சொன்னாள்.

திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "பருத்தியில பூ உதிராம இருக்க ஊக்கி மருந்து அடிச்சேங்க. ஒரு மூடி கூடிப்போச்சு, இலை சுருண்டு பூவெல்லாம் கொட்டிடுச்சு. அதுவும் ஹார்மோனுன்னுதான் சொன்னாங்க. செடின்னா அடுத்த பட்டத்துல பார்த்துக்கலாம். புள்ளைய அப்படி விட முடியுமா?"

நுனிக் குருத்து

திட்டுவதை விட்டுவிட்டேன். பருத்தியை வைத்தே பேச்சைத் தொடங்கினேன். நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை கிளம்புகிறதே, ஏன்? நுனிக் குருத்து தானே ஒன்றைச் சுரந்து பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. அது செடிக்குள்ளேயே ஊறுவது. நீங்கள் அடித்தது அதற்கு மேல் கூடுதல். யாழினிக்கோ ஊற வேண்டியதே ஊறவில்லை. மாத்திரை அந்தக் குறையைத்தான் நிரப்புகிறது, கூடிவிடாமல் பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறோம் என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இத்தனை நாளா உன்னை அரை வயித்தோட வளத்துட்டேனாம்மா?"

நீலச் சட்டை

அதன்பின் முழு மாத்திரை. ஒவ்வொரு முறையும் அதே நீலக் கட்டம் போட்ட சட்டையில் வந்தார். இந்தச் சட்டைக்கு ஓய்வே கிடையாதா என்று கேலி செய்தேன், சிரித்து மழுப்பினார்.

ஆறாம் மாதம் பலகையை இறக்கினேன். ஐந்து சென்டிமீட்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. மகளைத் தன் நெஞ்சோடு ஒட்டி நிற்க வைத்தார். அவள் உச்சியில் உள்ளங்கையை வைத்து, அது சட்டையில் எங்கே இடிக்கிறதென்று பார்த்தார். "இதுக்குத்தாங்க இதையே போட்டுட்டு வரேன். நாலாவது பட்டன்ல நின்னவ, தாண்டிட்டா."

பதினாறு வருடம் பலகையை நம்பிய நான், அந்த இருவரும் உள்ளே வந்தால் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது சட்டைப் பட்டனைத்தான்.