பணிய லயத்தில் வாந்திபேதி

தோட்டத்து மருந்துக் காம்பராவில் குப்பை கொட்டிய நம்மாட்களுக்குத் தெரியும்: போத்தலில் மருந்து தீரும், வாயில் புத்திமதி தீராது.

பாவம் எது?

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கலக்கிக் கொடுத்தவன். அந்த மழைக்குப் பள்ளத்திலிருந்த பணிய லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், வாந்திபேதி கண்டது. கொழுந்தெடுக்கிற ராக்கம்மா கைக்குழந்தையைத் தூக்கி வந்தாள். நாக்கு வறண்டு துவண்டு கிடந்தது பிள்ளை. முந்தின நாளிலிருந்து பாலும் கொடுக்கவில்லையாம், தண்ணியும் கொடுக்கவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். பாலை நிறுத்தாதே, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியைக் கரண்டி கரண்டியாய் ஊட்டு, வாந்தியெடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊட்டு, ஆள் பக்கத்திலேயே இருந்தால் பிழைக்கும் என்றேன். அவள் கேட்டாள்: "ஊத்த ஊத்தப் போகுதேங்க, அப்புறமும் ஊத்துறது பாவமில்லீங்களா?"

மிலாறு

தண்ணியைக் கொதிக்க வை என்று அவள் புருஷன் சின்னையாவிடம் சொன்னேன். மேல் லயத்துக் கழிவெல்லாம் கலக்கிற பீலி, அந்த மலை ஊற்றுக் குழாய்தான், அவர்களுக்குக் குடிதண்ணி. அவன் அடுப்பு மூலையைக் காட்டினான். செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய தேயிலைக் குச்சி, நாங்கள் மிலாறு என்போம், நனைந்து கிடந்தது. ஊதி ஊதி அவன் கண்தான் சிவந்திருந்தது. "இது எரிஞ்சா சோறு பொங்குவோம்ங்க. தண்ணிக்குத் தனியா எரிக்க நாங்க எங்க போறது?"

கொழுந்துக்கு மருந்து

விடிய விடிய ஊட்டியதில் பிள்ளை கண் திறந்து அழுதது. காலையில் பெரட்டுக் களத்தில், ஆள் பிரிக்கிற நேரத்தில், ராக்கம்மாவோடு நானும் போய் நின்றேன். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் ஆஸ்பத்திரிக்கு லொறி கேட்டேன். லொறி கொழுந்து ஏற்றணுமாம். அப்படியானால் தாயையாவது வீட்டில் விடுங்கள் என்றேன். பிள்ளைக் காம்பரா ஆயா பேதிப் பிள்ளையைச் சேர்க்க மாட்டாள், வீட்டிலிருக்கும் மாமனாருக்கோ கண் தெரியாது. அதையும் சொன்னேன். மனுஷனுக்கு நெஞ்சில் ஈரம் இருந்தால்தானே! "கொழுந்து முத்திப்போனா, அதுக்கு நீர் மருந்து வச்சிருக்கீரா?"

லீவு

அந்தியில் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தபோது பிள்ளை குளிர்ந்து கிடந்தது.

மறுநாள் கண்டாக்கையாவே ஆளனுப்பி ராக்கம்மாவுக்கு லீவு கொடுத்தார். பெரிய மனசு. நான் போனேன். பால் கட்டிய மாரோடு சுவரில் சாய்ந்திருந்தாள். "வீட்லதாங்க இருக்கேன். இப்ப யாருக்கு ஊத்தட்டும்?"

அதற்குப் பிறகும் வந்தவர்களுக்கெல்லாம் வீட்டில் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினேன், அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.